ராஜினாமாக் கடிதம் எழுதுமுன்: வீட்டில் பராமரிப்புப் பொறுப்பு இருப்பதால் வேலைத்தளத்தில் ஒதுக்கப்படுகிறவர்களுக்கு

"உங்கள் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, அதனால் உங்களை வேலையால் நிறுத்துகிறோம்" என்று எந்த எச்.ஆர். மேனேஜரும் கடிதம் தர மாட்டார். நடப்பது வேறு மாதிரி. மாதத்தில் இரண்டு காலை லீவு கேட்டவருக்கு முதலில் ரோஸ்டர் மாறும். வருட முடிவு மதிப்பீட்டில் "ஈடுபாடு போதாது" என்று ஒரு வரி விழும். இன்க்ரிமென்ட் மற்றவர்களைவிடக் குறையும். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கூட்ட அறைக்குக் கூப்பிட்டு, "உங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம், நீங்களே எழுதித் தந்தால் நல்ல சேர்விஸ் லெட்டர் தருகிறோம்" என்பார்கள். எழுதிக் கொடுத்தவர், நியாயம் கேட்கும் கதவைத் தன் கையாலேயே பாதிக்கு மேல் சாத்திவிட்டார்.

அந்த அறைக்குள் போகுமுன் என்ன செய்து வைத்திருக்க வேண்டும், போன பிறகு என்ன செய்யக் கூடாது என்பதுதான் இந்த வழிகாட்டி. கொழும்பில் தனியார் கம்பனிகளில் வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது. அரச ஊழியருக்கு வேறு பாதை, அது பின்னால் வருகிறது.

முதலில் ஒரு கசப்பான விஷயம்

குடும்பத்தில் ஒருவரைப் பராமரிப்பவர் என்ற காரணத்துக்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று இலங்கையில் தனியார் துறைக்குத் தனிச் சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் என்று பட்டியல் போடுகிறது. பராமரிப்புப் பொறுப்பு அதில் இல்லை. அடிப்படை உரிமை வழக்கும் அரச நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான் போகும், தனியார் முதலாளிக்கு எதிராக அல்ல. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைச் சட்டம் வேலைக்கு ஆள் சேர்ப்பதில் வலுவிழந்தவருக்குப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அது அவருக்குத்தான், அவரைப் பார்த்துக்கொள்ளும் மகனுக்கோ மகளுக்கோ இல்லை.

ஆகவே தொழில் திணைக்களத்துக்குப் போய் "எனக்குப் பாகுபாடு காட்டுகிறார்கள்" என்று மட்டும் சொன்னால் அதிகாரிக்கு எழுத எதுவும் இருக்காது. நடந்ததைத் துண்டு துண்டாகப் பிரித்து, சட்டம் பெயர் வைத்திருக்கும் துண்டுகளை முன்னால் வைக்க வேண்டும்: உரித்தான லீவை மறுத்தது, அந்த லீவுக்கு நோ பே என்று சம்பளம் வெட்டியது, பிரசவ லீவைக் குறைத்தது, பாலூட்டும் இடைவேளை தராதது, காரணமில்லாமல் வேலையால் நிறுத்தியது, ராஜினாமாவை வற்புறுத்தி வாங்கியது. பாகுபாடு என்ற சொல் கடைசிப் பந்தியில் வந்தால் போதும்.

லீவுக் கணக்கைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒபிசிலோ கடையிலோ வேலை என்றால் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். தொழிற்சாலை போன்ற பல தொழில்கள் ஊதியச் சபைகளின் (தொழில் வாரியாகச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சபைகள்) கீழ் வருகின்றன, அங்கே லீவுக் கணக்கு வேறு. நீங்கள் எதன் கீழ் வருகிறீர்கள் என்பதைத் தொழில் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடை, காரியாலயச் சட்டத்தின்படி ஒரு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் கேஷுவல் லீவு. கேஷுவல் லீவு சொந்த அலுவல், சுகவீனம், வேறு நியாயமான காரணம் எதற்கும் எடுக்கலாம். அப்பாவை மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போவது நியாயமான காரணம். முதல் வருடத்தில் முடிந்த ஒவ்வொரு 2 மாதத்துக்கும் 1 நாள் கேஷுவல். முதல் வருடத்து உழைப்புக்கான வருடாந்த லீவு அடுத்த வருடம்தான் கைக்கு வரும், சேர்ந்த மாதத்தைப் பொறுத்து: ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்திருந்தால் 14, ஏப்ரல் முதல் ஜூனுக்குள் 10, ஜூலை முதல் செப்டெம்பருக்குள் 7, ஒக்டோபரிலோ பிறகோ என்றால் 4.

இந்த 21 நாளுக்கு வெளியே பெற்றோரைப் பராமரிப்பதற்கென்று சட்டத்தில் லீவு கிடையாது. தனியார் துறைத் தந்தைமாருக்குப் பிறப்பு லீவும் சட்டத்தில் இல்லை. கம்பனியின் சொந்த லீவுக் கொள்கையில் மெடிக்கல் லீவோ தந்தையர் லீவோ எழுதியிருந்தால் அது உங்கள் உரிமை. கைநூலையோ உள்ளக இணையத்தில் இருக்கும் கொள்கைப் பக்கத்தையோ இப்போதே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிரச்சினை வந்த பிறகு கேட்டால் அந்தப் பக்கம் கிடைக்காமல் போகலாம்.

பிரசவ லீவு 84 நாள். 2018 இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இது மூன்றாவது, நான்காவது குழந்தைக்கும் அதே 84 தான். பழைய 42 நாள் கணக்கை இன்னும் சொல்லும் எச்.ஆர். ஆட்கள் இருக்கிறார்கள். இன்னொரு வழமையான பிழை, 84 ஐக் கலண்டர் நாளாக எண்ணுவது. கடை, காரியாலயச் சட்டத்தின் கீழ் வாராந்த விடுமுறை, போயா, சட்டபூர்வ விடுமுறை எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். சரியாக எண்ணினால் மூன்று மாதத்தை நன்றாகத் தாண்டிப் போகும், வாரம் ஐந்து நாள் வேலை என்றால் நான்கு மாதத்தைத் தொடும். கடைசி நாளை நீங்களே கலண்டரில் எண்ணி, திகதியைப் போட்டு, லீவு விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுங்கள். பிரசவ லீவுக்காக வருடாந்த லீவில் வெட்டவும் முடியாது.

திரும்பி வந்த பிறகு, குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை. வேலைத்தளத்தில் குழந்தை பராமரிக்கும் இடம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். வத்தளையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு வரும் தாய் இடைவேளைக்கு வீட்டுக்குப் போய்வர முடியாது. அதனால் இரண்டையும் சேர்த்து முன்கூட்டியே வீட்டுக்குப் போவது என்று பலர் ஒபிசோடு பேசி ஒழுங்கு செய்கிறார்கள். ஒழுங்கு நல்லதுதான், ஆனால் ஈமெயிலில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சாக விட்டால் மேனேஜர் மாறியதும் "தினமும் நேரத்தோடு போகிறார்" என்று உங்கள் பெயரில் பதிவு ஏறும்.

கர்ப்பம், பிரசவம், அவற்றால் வந்த சுகவீனம் ஆகியவற்றுக்காக வேலையால் நிறுத்துவது சட்டத்துக்கு முரண். பராமரிப்பு தொடர்பாக இலங்கைச் சட்டம் நேராகக் கை நீட்டும் இடம் இது ஒன்றுதான். தாய்மைக்கு வெளியே போனால், ஆணோ பெண்ணோ, பெரும்பாலும் உங்கள் ஆவணங்களை நம்பித்தான் நிற்க வேண்டும்.

ஒரு கொப்பி, மூன்று உறை

80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். போன் நோட்ஸில் எழுதலாம்தான், ஆனால் திகதி ஒழுங்கில், வேறு வேறு பேனையில், இடைவெளி விடாமல் எழுதிய கொப்பியை விசாரணையில் எவரும் லேசாகத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் திகதி, நேரம், இடம், யார் சொன்னது, சொன்ன வார்த்தை அப்படியே, யார் பக்கத்தில் இருந்தது, அன்று நீங்கள் முடித்த வேலை. கடைசியில் சொன்னதைத்தான் பலர் விடுகிறார்கள். "14.03, காலை 10.20, மீட்டிங் ரூம். 'உங்கட வீட்டுப் பிரச்சினை எங்களுக்கு வேண்டாம்' என்றார். கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் இருந்தார். அன்று மாத முடிவு ரிப்போர்ட் 4 மணிக்கு அனுப்பினேன்" என்பது போதும். "மிகவும் கேவலமாகப் பேசினார்" என்று எழுதினால் எதுவும் நிறுவப்படாது.

முதல் உறையில் வேலைப் பத்திரங்கள்: நியமனக் கடிதம், நிரந்தரமாக்கிய கடிதம், இன்க்ரிமென்ட் கடிதங்கள், கடந்த மூன்று வருட மதிப்பீடு, சம்பளச் சிட்டைகள், பாராட்டு ஈமெயில். பராமரிப்புப் பொறுப்பு தொடங்குமுன் மதிப்பீடு நன்றாக இருந்து, தொடங்கிய பின் இலக்கு எதுவும் தவறாமலே விழுந்திருந்தால், உங்கள் கையில் இருக்கும் மிகப் பலமான சாட்சி அதுதான்.

இரண்டாவது உறையில் மருத்துவப் பத்திரங்கள். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி குறிக்கும் பக்கத்தை ஒவ்வொரு முறையும் போட்டோ எடுங்கள். வார்டில் இருந்து வெளியே வரும்போது தரும் டயக்னோசிஸ் கார்டின் பிரதி, டயாலிசிஸ் என்றால் கிழமை நாட்கள் குறித்த அட்டை, அவர் உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறார் என்பதற்குக் கிராம சேவகர் சான்றிதழ். நோயின் எல்லா விபரத்தையும் ஒபிசுக்குக் கொடுக்கத் தேவையில்லை. திகதியும் உறவுமுறையும் போதும்.

மூன்றாவது உறை லீவு. ஒவ்வொரு லீவு விண்ணப்பம், அதற்கு வந்த பதில், மறுத்திருந்தால் மறுத்த காரணம். வட்ஸ்அப்பில் "சரி போங்கோ" என்று வந்தால் ஸ்கிரீன்ஷொட் எடுக்கும்போது மேலே பெயரும் திகதியும் தெரிய வேண்டும். வாய்மொழியாக அனுமதி வந்தால் அன்றே ஒரு வரி அனுப்புங்கள்: "இன்று காலை பேசியபடி 22 ஆம் திகதி கேஷுவல் லீவு எடுக்கிறேன்." மாதம் ஒரு தடவை லீவு மீதி எவ்வளவு என்று எச்.ஆர். இடம் எழுத்தில் கேளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். உங்களைப் பற்றிய பத்திரங்களை எடுக்கலாம். வாடிக்கையாளர் பட்டியல், கணக்கு விபரம், மற்ற ஊழியரின் சம்பளம் போன்றவற்றைச் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பினால் கம்பனிக்கு ஒழுக்காற்றுக் காரணத்தை நீங்களே தட்டில் வைத்துக் கொடுப்பதாகும்.

அம்மாவைப் பார்க்க நின்ற நாளுக்குத் தன் பெயரில் மெடிக்கல் சான்றிதழ் வாங்கிக் கொடுப்பது ஊர் வழக்கம். தெருமுனையில் ஆயுர்வேத மெடிக்கல் எடுப்பது சுலபமும்கூட. செய்யாதீர்கள். பிறகு "அம்மாவுக்கு சுகமில்லை என்று லீவு கேட்டேன், அதனால் துன்புறுத்தினார்கள்" என்று சொல்லும்போது, "அன்று தனக்கு முதுகு வலி என்றல்லவா மெடிக்கல் தந்தார்" என்று அதே காகிதத்தை எடுத்து நீட்டுவார்கள். பொய் மெடிக்கல் தனியே ஒரு குற்றச்சாட்டும் ஆகும்.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள்

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணித் தாங்கோ" என்று கேட்டால் மறுப்பதும் அதே அளவு மொட்டையாக வரும். என்ன வேண்டும், எத்தனை நாளுக்கு, வேலை எப்படி நடக்கும் என்ற மூன்றையும் வையுங்கள். ஒபிசில் வழமையாக எழுதும் மொழியிலேயே எழுதலாம். உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

"என் தாயாருக்கு ஒவ்வொரு மாதமும் முதலாவது, மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை தேசிய வைத்தியசாலையில் கிளினிக். அந்த இரு நாட்களிலும் காலை 8.30 க்குப் பதிலாக முற்பகல் 11.30 க்கு வேலைக்கு வந்து, இரவு 8 மணிவரை இருக்க அனுமதி கோருகிறேன். முடியாவிட்டால் அரை நாள் கேஷுவல் லீவாகக் கணக்கில் எடுக்கவும். செவ்வாய் காலை அனுப்ப வேண்டிய விற்பனை அறிக்கையை திங்கள் பின்னேரமே அனுப்புவேன். இந்த ஒழுங்கை மூன்று மாதம் பார்த்து, பிறகு மீளாய்வு செய்யலாம். கிளினிக் திகதிப் பக்கம் இணைக்கப்பட்டுள்ளது."

மூன்று மாதம் என்று எல்லை போட்டால் மேனேஜருக்கு "ஆம்" சொல்வது இலகு. இரண்டு வழி கொடுத்திருப்பதால், இரண்டையும் மறுத்தால் காரணம் சொல்ல வேண்டிய நிலை வரும். கெஞ்சலும் குடும்பக் கதையும் இந்தக் கடிதத்தில் வேண்டாம். ஐந்து வேலை நாளில் பதில் வராவிட்டால் அதே ஈமெயிலின் கீழேயே ஒரு வரி நினைவூட்டல். புது ஈமெயில் தொடங்காதீர்கள், சங்கிலி அறுந்துவிடும்.

நேர்முகப் பரீட்சையில் "பிள்ளைகளை யார் பார்ப்பது?", "அடுத்த குழந்தை எப்போது?" என்று கேட்பது கொழும்பில் சர்வ சாதாரணம். தனியார் கம்பனி அப்படிக் கேட்பதைத் தடுக்கும் தனிச் சட்டம் இல்லை. சண்டை பிடிக்காமல், வீட்டு விபரமும் கொடுக்காமல், "இந்த வேலையின் நேரம் தெரியும், அந்த நேரத்துக்கு என்னால் வர முடியும்" என்று முடித்துவிடலாம்.

மூலையில் தள்ளும்போது

இடமாற்றக் கடிதம் வந்தால் பலருக்கும் முதலில் தோன்றுவது "போக மாட்டேன்" என்பது. நியமனக் கடிதத்தில் இடமாற்றத்துக்கு இடம் இருந்தால் மறுப்பது கட்டளையை மீறியதாகும், அதை வைத்தே வேலையால் நிறுத்துவார்கள். இங்கே பொதுவாக ஏற்கப்பட்ட முறை, முதலில் போய் நிற்பது, பிறகு முறையிடுவது. "எதிர்ப்புடன் கடமையேற்கிறேன்" என்று எழுதிக் கொடுத்து, தாயாரின் சிகிச்சை கொழும்பில் நடப்பதையும், அதே வேலைக்கு வேறு ஆள் இருந்ததையும் சொல்லி, மீளாய்வு கேளுங்கள்.

அடுத்து, சொல்லாமல் நின்றுவிடுவது. மனம் நொந்து இரண்டு, மூன்று நாள் போகாமல் விட்டால், பதவியைக் கைவிட்டதாகக் கடிதம் வரும். அதற்குப் பிறகு "நாங்கள் நிறுத்தவே இல்லை, அவர்தான் வரவில்லை" என்பார்கள். நிறுத்தியதை முதலாளி ஒப்புக்கொண்டால், அது நியாயம் என்று முதலில் காட்ட வேண்டியது அவர். மறுத்தால், நிறுத்தினார்கள் என்று நிறுவும் சுமை உங்கள் தலையில் விழும். வாசலில் செக்யூரிட்டி உள்ளே விடாவிட்டாலும் அன்றே "இன்று காலை 8.25 க்கு வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்" என்று ஈமெயில் போட்டு, அதையே பதிவுத்தபாலிலும் அனுப்புங்கள். தபால் துண்டைக் கொப்பியில் ஒட்டுங்கள்.

ராஜினாமா கேட்கும் கூட்டத்தில் ஒன்றே ஒன்று: அன்று கையெழுத்துப் போடாதீர்கள். "வாசித்துப் பார்த்துப் பதில் சொல்கிறேன், ஒரு பிரதி தாருங்கள்" என்று எழுந்து வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அங்கே நடந்ததை அவர்களுக்கே ஈமெயிலாக எழுதி அனுப்புங்கள். வற்புறுத்தி வாங்கிய ராஜினாமாவை முதலாளி செய்த வேலைநீக்கமாகக் கருதலாம் என்று தொழில் நியாய சபைகள் (வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் சபைகள்) ஏற்றிருக்கின்றன. ஆனால் "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன், இதுவரை தந்த வாய்ப்புக்கு நன்றி" என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு அந்த வாதத்தை வைப்பது மிகக் கடினம். போகத்தான் வேண்டும் என்று தீர்மானித்தால் உண்மைக் காரணத்தை எழுதுங்கள்: எந்தத் திகதியில் எந்த லீவு மறுக்கப்பட்டது, எந்தத் திகதியில் யார் ராஜினாமா கேட்டார்.

கையெழுத்துக்கு முன் சேவைக் காலத்தையும் எண்ணிப் பாருங்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. அவர் தானாக விலகினாலும் அது கிடைக்கும். 4 வருடம் 10 மாதத்தில் அவசரமாக ராஜினாமா கேட்டால், ஏன் இந்த அவசரம் என்று யோசிக்க இடமிருக்கிறது.

எங்கே போவது, எத்தனை நாளுக்குள்

வேலையில் இருக்கும்போதே லீவு, நோ பே, பிரசவ லீவு, பாலூட்டும் இடைவேளை பற்றிய முறைப்பாடு என்றால், வேலைத்தளம் இருக்கும் பிரதேசத்துக்குரிய தொழில் அலுவலகம். வீடு இருக்கும் பிரதேசம் அல்ல, இதில் பலர் ஒரு நாளை வீணாக்குகிறார்கள். எது என்று தெரியாவிட்டால் நாரஹேன்பிட்டியில் இருக்கும் தொழில் திணைக்களத் தலைமையகத்தில் சொல்வார்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம், தமிழில் பதில் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், திகதி வரிசையில் எழுதி, பிரதிகளை இணைத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். மூலப் பத்திரங்களைக் கொடுக்காதீர்கள்.

வேலையால் நிறுத்தியிருந்தால் தொழில் நியாய சபை. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ், நிறுத்தியதிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். திணைக்களத்தில் முறைப்பாடு நடக்கிறது என்று இந்த 6 மாதம் காத்துக்கொண்டிருக்காது. "விசாரணை முடியட்டும்" என்று இருந்து ஏழாவது மாதத்தில் வருகிறவருக்கு எவராலும் பெரிதாக உதவ முடியாது. மூன்றாவது மாதத்துக்குள் எந்தப் பாதை என்று தீர்மானித்துவிடுங்கள். சபை மீள வேலை கொடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ கட்டளையிடலாம். மேனேஜர் தரத்தில் இருப்பவர்களும் இங்கே போகலாம், சட்டத்தில் "தொழிலாளி" என்ற சொல்லுக்கு அவ்வளவு அகலமான பொருள். நீங்களே ஆஜராகலாம், தொழிற்சங்கமும் சட்டத்தரணியும் உங்களுக்காக வரலாம். கட்டணம் கட்ட வசதியில்லாதவர் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமான விபரத்தோடு விசாரிக்கலாம்.

"ஆட்குறைப்பு" என்று சொல்லி நிறுத்தினால் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தையும் பாருங்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்த அவரது எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். கூட்ட அறையில் அவ்வளவு அன்பாகக் கையெழுத்துக் கேட்பதன் காரணம் இப்போது விளங்கும்.

அரச ஊழியருக்கு தொழில் நியாய சபை இல்லை. தாபன விதிக்கோவையின்படி (அரச ஊழியருக்கான நிர்வாக விதிகள்) மேன்முறையீடும், மனித உரிமைகள் ஆணைக்குழுவும், உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவும் முக்கிய வழிகள். மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் தவணையில் சேராது. "தாய்மாருக்குப் பொறுப்பான பதவி தர முடியாது" என்பது போன்ற முடிவை இங்கே பால் அடிப்படையிலான பாகுபாடாக வாதிட இடமுண்டு. தனியார் துறையில் இல்லாத ஒரு கதவு இது. அரச கூட்டுத்தாபன, நியதிச் சபை ஊழியர்கள் தொழில் நியாய சபைக்கும் போகலாம்.

முதல் விசாரணை நாளுக்கு மூன்று உறையும் கொப்பியும் கொண்டுபோங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு போட்டோகொப்பி. சபையின் பதிவுகள் சிங்களத்தில் நடந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அது உரிமை, சலுகை இல்லை. விளங்காததற்குத் தலையாட்டிவிட்டுப் பிறகு மாற்ற முடியாது. அடுத்த திகதி போடும்போது கிளினிக் கொப்பியையும் கையில் வைத்திருந்து, "அந்த நாள் அம்மாவுக்குக் கிளினிக், வேறு திகதி தாருங்கள்" என்று அப்போதே சொல்லுங்கள். சொன்னால் மாற்றித் தருவார்கள். சொல்லாமல் வராமல் விட்டால், நீங்கள் வராத காரணத்துக்காகவே விண்ணப்பம் தள்ளுபடியாகலாம்.